தாப்பா இல்லாத கதவு

அடிபிடித்துக் கருகிய சட்டியை மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கும்போது பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, சிங்கத்தின் நாக்கு தகரத்தில் படும் சத்தம் ஏறக்குறைய அதுதான். அதைக் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. ஒரு வேனின் பின்கதவுக்கு இந்தப் பக்கம் நானும் என் அம்மாவும் இருந்தோம், அந்தப் பக்கம் அது இருந்தது. கொஞ்ச நேரம் நக்கும், நிறுத்தும், பெரிதாக ஒரு மூச்சு விடும், மறுபடி நக்கும். நக்குகிறபோது இருந்த பயத்தைவிட நிறுத்துகிறபோது வந்த பயம்தான் பெரியது, ஏனென்றால் அடுத்து அது என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாது.

எங்களுக்கு ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு. இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. என் அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற வீடுகளிலும் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நைனா முதலில் ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர், பிறகு பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த ஒரு பாயிடம் சேர்ந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, அவருடைய வேனுக்கே டிரைவர் ஆகிவிட்டார். கரையில் வாங்குகிற இறாலை ஐஸ் பெட்டியில் அடுக்கிப் பட்டணத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. வேனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு நீள சீட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றிப் பெட்டி வைக்க இடம் செய்திருந்தார்கள். ஐஸ் உருகி வடிவதற்காகப் பின்கதவுக்கு அடியில் தரையில் நாலைந்து துளை போட்டிருந்தார்கள். வருஷக்கணக்காக இறால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வடிந்தது. அந்த வண்டி எங்கே நின்றாலும் ஐந்து நிமிஷத்தில் ஊர்ப் பூனையெல்லாம் அதன் அடியில் இருக்கும். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததே தவிர, அதிலிருந்து யாரும் எதையும் யோசித்துப் பார்க்கவில்லை.

வேனின் பின்பக்கம் இரட்டைக் கதவு. இடது கதவு மேலும் கீழும் கம்பி போட்டு நிலையாக நிற்கும். வலது கதவின் ‘தாப்பா’ ஒருநாள் பெட்டி இடித்து உடைந்துபோனது. நைனா உள்பக்கக் கைப்பிடியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைத் தரையில் இருந்த இரும்பு வளையத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு, முன்பக்கமாக ஏறி இறங்குவதைப் பழக்கமாக்கிக்கொண்டார். இறால் கதவைத் திறந்துகொண்டு ஓடப்போவதில்லை, அதனால் அது அப்படியே இருந்தது. “அத்த செஞ்சி போடுய்யா” என்று அம்மா சொல்லும்போதெல்லாம் “நாளிக்கி செய்யலாம்மே” என்பார்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கிறவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்து, அகப்பட்டதைப் பனையோலைப் ‘பறி’யில் போட வேண்டும், இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பாள். சேற்றுக்குள் நண்டு இருக்கும், முள் மீன் இருக்கும், பாம்பும் இருக்கும். ஒருமுறை திருக்கை முள் கெண்டைக்காலில் ஏறியபோது தானே அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரத்தம் ஒழுக ஒழுக, கடித்த பறியை விடாமல் கரைக்கு நடந்து வந்தாள். நான் அன்று கரையில் நின்று பார்த்தேன். அதிலிருந்து என் மனதில், என் அம்மாவுக்குப் பயம் என்ற ஒன்று கிடையாது என்பது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி உறுதியாகிவிட்டது.

நாங்கள் நாலு பிள்ளைகள். நான் மூத்தவள், செல்வி. எனக்கு அடுத்து கோமதி, எட்டு வயது. அடுத்து முரளி, ஐந்து. கடைசியில் இரண்டு வயதில் ஒரு தங்கை, அவளுக்குப் பேர் இருந்தும் ‘பாப்பா’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். முரளியால்தான் இந்தப் பயணமே வந்தது. அவனோடு விளையாடுகிற ஒரு பையன், பட்டணத்துச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, புதிதாகத் திறந்த ஒரு மிருகக்காட்சிப் பூங்காவுக்குப் போய்வந்து, “அங்க சிங்கத்த கூண்டுல போடல. நம்மளத்தான் வண்டில போட்டு மூடுறாங்க. சிங்கம் சும்மா சுத்துது” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து முரளி சோற்றில் கை வைக்கும்போதும் சிங்கம், படுக்கும்போதும் சிங்கம். பொங்கலுக்குக் கம்பெனி மூன்று நாள் மூடியிருந்தது. நைனா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, பாய் யோசிக்கவே இல்லை. “வண்டி சும்மாத்தான நிக்கிது. புள்ளைங்கள இட்டுக்கினு போய்ட்டு வாப்பா” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சோப்புத் தூளும் பினாயிலும் போட்டு வேனைக் கழுவினோம். கழுவி முடித்ததும் கோமதி மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, “வாசனையே இல்ல நைனா” என்றாள். எங்கள் மூக்குக்கு இல்லைதான். அம்மா மட்டும் கழுவுகிறபோது அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

விடிந்ததும் கிளம்பினோம். பொன்னேரி தாண்டி அம்மா அதுவரை போனதில்லை. மீஞ்சூர் வந்ததும் பாப்பா வாந்தி எடுத்தாள், பட்டணத்துக்குள் நுழைந்ததும் கோமதி எடுத்தாள். ஊரை முழுதாகக் குறுக்கே கடந்து அந்தப் பூங்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்தக் காலத்தில், பூங்காவின் வண்டி கிடைக்காதவர்கள் மூடிய வண்டியாக இருந்தால் சொந்த வண்டியிலேயே உள்ளே போகலாம். சிங்கம் இருக்கிற காட்டுக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்து வண்டியை உள்ளே விட்டு மூடிவிட்டு, அப்புறம்தான் இரண்டாவதைத் திறப்பார்கள். முதல் கதவில் காக்கிச் சட்டை போட்ட ஒரு காவலர் வண்டியைச் சுற்றி வந்தார். எங்கள் வேனின் பக்க ஜன்னல்களுக்கு வெளியே கம்பி வலை அடித்திருந்தது. அதைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு பின்பக்கம் போய் நின்று, “கதவெல்லாம் நல்லா லாக் ஆவுதா?” என்று கேட்டார்.

நைனா திரும்பி முரளியைப் பார்த்தார். முரளி சீட்டின் மேல் முட்டி போட்டு, இரண்டாவது கதவின் கம்பிகளுக்கு நடுவே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆவுது சார்” என்றார் நைனா.

அம்மா நைனாவைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். கோமதிக்கும் தெரியும், ஆனால் அவள் வாந்தி எடுத்த அசதியில் கண் சொருகிக் கிடந்தாள். அந்த இடத்தில் நானாவது வாயைத் திறந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் பதினொரு வயதில், அப்பா சொல்வது பொய் என்று ஒரு காக்கிச் சட்டைக்காரரிடம் எந்தப் பிள்ளை சொல்லும்? இரண்டாவது கதவு திறந்தது, நாங்கள் உள்ளே போனோம், அது எங்களுக்குப் பின்னால் மூடியது. மூடிய சத்தம் என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது.

முதலில் ஒன்றுமே இல்லை. செம்மண் பாதை, காய்ந்த புல், முள் புதர், அங்கங்கே மரம். முரளி அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். ஒரு வளைவு திரும்பியதும் வேப்பமரத்தடியில் நாலைந்து படுத்திருந்தன. நான் படத்தில் பார்த்த சிங்கம் மஞ்சளாக, பளபளப்பாக இருக்கும். இவை மண் நிறத்தில், அழுக்காக, விலா தெரியப் படுத்திருந்தன. வெகுதூரத்தில் பூங்காவின் ஜீப் ஒன்று ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நைனா வேனை மெதுவாக்கினார். “பாத்துக்கோ முரளி, நல்லா பாத்துக்கோ” என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

அப்போது ஒரு பெண் சிங்கம் தலையைத் தூக்கியது. எங்களைப் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு எழுந்து உடம்பை நெளித்து, அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி நடந்து வந்தது. அதைப் பார்த்து இன்னொன்று எழுந்தது. முரளி கையைத் தட்டினான். முதலில் எழுந்தது என் பக்கத்து ஜன்னலைத் தாண்டிப் போனபோது அதன் முதுகு ஜன்னல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேதான் இருந்தது. தோளெலும்பு மேலும் கீழும் ஏறி இறங்கியதை வலை வழியாகப் பார்த்தேன். அது எங்களை ஒரு தடவை கூடப் பார்க்காமல் நேராக வேனின் பின்பக்கம் போனது. அங்கே போய் முதலில் மண்ணை மோந்தது, பிறகு துளைக்கு அடியில். பிறகுதான் அந்தத் தேய்க்கிற சத்தம் ஆரம்பித்தது.

நைனாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வண்டியை எடுக்கப் பார்த்தார். ஆனால் அதற்குள் பிடரி வைத்த பெரியது ஒன்று பாதையின் நடுவில் வந்து நின்று, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், முன்சக்கரத்துக்கு எதிரே படுத்துக்கொண்டது. நைனாவின் கை ஹாரன் மேல் போனது, மறுபடி கீழே வந்தது. உள்ளே ஹாரன் அடிக்கக் கூடாது என்று காவலர் சொல்லியிருந்தார், அதோடு அடித்தால் எது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்? முகப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். உச்சி வெயிலில் அந்த வெளிச்சம் ஜீப் வரைக்கும் போயிருக்குமா என்று தெரியவில்லை. ஜீப் அசையவில்லை.

அம்மா எழுந்தாள். பாப்பாவைக் கோமதியின் மடியில் வைத்து, கோமதியையும் முரளியையும் ஒரே தள்ளாக நைனாவுக்குப் பக்கத்து சீட்டில் தள்ளி, “மூச்சு காட்டக் கூடாது” என்றாள். கத்தவில்லை. ஏரியில் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசுகிற அதே தாழ்ந்த குரல். பிறகு என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

கயிறு தளர்ந்திருந்தது. கழுவும்போது சோப்புத் தண்ணீர் பட்டு ஊறி, வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி, வளையத்தில் போட்ட முடிச்சு நழுவியிருந்தது. இறுக்கிக் கட்ட வேண்டுமென்றால் முதலில் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் அந்த நொடியே கதவு திறந்துகொள்ளும். அம்மா தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் அசையாத இடது கதவில் ஊன்றி, கயிற்றை வலது கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். “நீயும் புடி. இழுத்துப் புடி.” நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தேன். கதவுகள் இரண்டும் சேர்கிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை அவ்வப்போது எதுவோ மறைத்தது. மறைக்கும்போது ஒரு நாற்றம் உள்ளே வந்தது. செத்த எலியும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி, சூடாக.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நைனா பின்னாளில் ‘பத்து நிமிஷம்’ என்பார், அம்மா ‘ஒரு பீடி குடிக்கிற நேரம்’ என்பாள். எனக்கு அது ஒரு முழு நாள். முன்னால் பாப்பா சிணுங்க ஆரம்பித்ததும் கோமதி அவள் வாயைப் பொத்தினாள். முரளி, “நைனா, அது ஏன் நம்மகிட்டயே வந்துச்சி?” என்று கேட்டான். அவன் உட்கார்ந்திருந்த சீட்டிலிருந்து சிறுநீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு நக்குவது நின்றது. கதவு ஒருமுறை அதிர்ந்தது, யாரோ உள்ளங்கையால் அறைந்த மாதிரி. இன்னொரு முறை. இரண்டாவது முறை கதவு வெளிப்பக்கம் கொஞ்சம் நகர, கயிறு என் கைக்குள் வழுக்கி ஓடி நின்றது. இரண்டு விரல் வெளிச்சம் நான்கு விரல் ஆயிற்று. அந்த இடைவெளியில், என் முட்டிக்கு நேராக, நகங்கள் உள்ளே வந்தன. மூன்று நகங்கள், அழுக்கு மஞ்சளில், வளைந்து, அடியில் சாம்பல் நிற மயிரோடு. பூனை அலமாரிக் கதவைத் திறக்க எப்படிப் பாதத்தைக் கொடுத்து வெளியே இழுக்குமோ, அப்படியே கதவின் விளிம்பைப் பற்றி இழுத்தது. கோபமாகக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அது ஒரு வேலை செய்துகொண்டிருந்தது.

அம்மா முழு உடம்போடு பின்னால் சாய்ந்தாள். நகம் வழுக்கித் தகரத்தைக் கீறிக்கொண்டு போய், மறுபடி வந்தது. இந்த முறை இன்னும் மேலே, நான் கயிற்றைப் பிடித்திருந்த கைக்கு ஒரு சாண் தூரத்தில்.

நான் விட்டுவிட்டேன்.

இரண்டு கையையும் விட்டுவிட்டு, தவழ்ந்து போய் நீள சீட்டுக்கு அடியில் புகுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை, சூடு பட்ட கை தானாக விலகுகிற மாதிரி விலகினேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் சீட்டுக்கு அடியில் போன பிறகு யோசிக்க நேரம் இருந்தது. திரும்பிப் போகவும் நேரம் இருந்தது. நான் போகவில்லை. அங்கிருந்து பார்த்தேன். அம்மா தனியாகக் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கயிறு சுற்றிய கையில் ரத்தம் வந்திருந்தது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண்ணை அகலத் திறந்து, நேராக என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. திட்டவில்லை. பிறகு மறுபடி கதவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நைனா வண்டியைப் பாதையிலிருந்து இறக்கினார். படுத்திருந்ததைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழியில்லை என்று முடிவு செய்து, சக்கரத்தை முழுக்கத் திருப்பிப் புதருக்குள் விட்டார். வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கல்லில் ஏறி, தூக்கிப் போட்டது. பின்கதவு விரிந்து, அம்மாவின் பலத்தில் படாரென்று மூடியது. பின்னால் உறுமல் கேட்டது. அந்த நாளில் அதுவரை கேட்காத உறுமல். அதோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தது. ஜீப் வந்துவிட்டிருந்தது. ஒரு காவலர் தகர டின்னைக் கம்பால் அடிக்க, இன்னொருவர் எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் ஜீப்பைக் கொண்டுவந்தார். “போ போ போ, நிறுத்தாத” என்று கையைக் காட்டினார். நைனா நிறுத்தவில்லை.

வெளிக் கதவைத் தாண்டியதும் காவலர்கள் ஓடி வந்து பின்கதவைத் திறக்கச் சொன்னார்கள். அம்மாவால் கையை விரிக்க முடியவில்லை. அவர்களில் வயதானவர் ஒருவர் முன்பக்கமாக ஏறி வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை எடுத்தார். எடுத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. முதல் கதவில் எங்களைச் சோதித்தவர் அந்தக் கயிற்றைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “நாலு புள்ளைய வெச்சிக்கினு…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு வேனின் நிழலில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்த்தார். நாலு குச்சி கிழித்தும் பற்றவில்லை. அம்மா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிப்பாள், கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். “எயுந்திரிய்யா. வூட்டுக்குப் போலாம்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் டீ குடிப்பதற்கு முன்பே நைனா கொல்லனிடம் போய்ப் புதுத் தாப்பா போட்டுக்கொண்டு வந்தார். பாயிடம் நடந்ததை அவரே சொன்னார். அம்மாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்த இடம் ஆழமாக இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும் என்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் ஏரிக்குள் இறங்கவில்லை. பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர, அவள் அவ்வளவு நாள் கரையில் இருந்து நான் பார்த்ததே இல்லை. முரளி ராத்திரியெல்லாம் படுக்கையை நனைத்தான். கதை ஊருக்குத் தெரிந்து, பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்கும்போது அம்மா கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். சொல்லி முடிக்கும்போது என்னைக் காட்டி, “எம் பொண்ணு செல்விதான் எங்கூட கவுத்த புடிச்சிக்கினு இருந்துச்சி. கடேசி வரிக்கும் வுடல” என்பாள்.

முதல் முறை அதைக் கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. எல்லாரும் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை எழுப்பி வகுப்புக்கே சொல்லச் சொன்னார். நான் நின்று சொன்னேன். நகம் உள்ளே வந்தது வரைக்கும் உண்மையைச் சொன்னேன். அப்புறம், “நான் வுடல டீச்சர்” என்றேன். கை தட்டினார்கள். சிங்கத்துக்குப் பயந்த பயம் சில மாதத்தில் போய்விட்டது. அம்மா என்றைக்காவது நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் மட்டும் போகவே இல்லை. எனக்கும் அவளுக்கும் ஏதாவது சண்டை வந்தால், இப்போது சொல்லப்போகிறாள் என்று நானே முதலில் தணிந்துபோவேன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதே கதையைத்தான் சொன்னாள். அதே கடைசி வரியோடு.

நைனா போய்ப் பல வருஷம் கழித்து, அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். நான் வாழ்க்கைப்பட்ட மீஞ்சூரிலிருந்து போய் மூன்று வாரம் தோணிரேவில் அவளோடு இருந்தேன். ஒரு நாளைக்கு ஆறு முறை சொட்டு மருந்து விட வேண்டும்; விட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியே படுத்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் அப்படி அவள் மூடிப் படுத்திருந்தபோது, அவள் என்னைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கி சிங்கத்துகிட்ட மாட்டிக்கினமே… நான் கவுத்த வுட்டுட்டு சீட்டுக்கடியில பூந்துட்டேன். உனக்குத் தெரியும்ல?”

அம்மா மூடிய கண்ணோடு தலையை என் பக்கம் திருப்பினாள்.

“எனக்கு இன்னாடி தெரியும்?” என்றாள். “நான் பயத்துல கண்ண இறுக்க மூடிக்கினு இருந்தேன்.”

பிறகு, மருந்து எரிகிறது, துணியை எடு என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

போன ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். அந்த வேனைப் பாய் எப்போதோ உடைக்கிற கடையில் போட்டுவிட்டார், பாயும் இப்போது இல்லை. அம்மாவோடு ஏரியில் உட்கார்ந்து கையால் தடவினவர்களில் இரண்டு பேரோ மூன்று பேரோதான் மிச்சம். முரளி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்கிறான்; சிங்கம் கொட்டாவி விட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்கிறான், அது அவன் கற்பனை. கோமதிக்கு வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கிறது. பாப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் அந்தக் கதையை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அம்மா சொன்ன மாதிரியே சொன்னார்கள். பிள்ளைகள் திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பார்த்திருந்த ஒரே ஆள் போய்விட்டாள், இனிமேல் யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்: கயிற்றை நான் விட்டேன். என் அம்மா, அவ்வளவு பயத்திலும், விடவில்லை.